கோல் முதல் மின்துலக்கி வரை – பிள்ளைகளின் பற்களும் நம் பொறுப்பும்



"ஐயா, பிள்ளைக்கு மின்சாரப் பல்துலக்கி வாங்கிக் கொடுக்கலாமா? கையால் துலக்குவதைவிட அதுதான் நல்லது என்கிறார்களே!" அண்மைக் காலமாகப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் பல் மருத்துவன் அல்லன், தொடக்கப்பள்ளி ஆசிரியன். ஆயினும், நலக்கல்விப் பாடம் நடத்துகின்றவன் என்ற முறையில் இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய கடமை எனக்கு உண்டு. தேடிப் படித்தபோது, பல்துலக்கியின் வரலாற்றிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருப்பதைக் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கோல் என்னும் முதல் துலக்கி

மாந்தன் முதன்முதலில் கையிலெடுத்த பல்துலக்கி ஒரு மரக்குச்சிதான். குச்சியின் ஒரு முனையை மென்றால் அது நார் நாராகப் பிரியும். அந்த நாரே தூரிகை, மரச்சாறே மருந்து. பழங்கால மெசபடோமியா முதல் ஆப்பிரிக்கா வரை இவ்வழக்கம் இருந்துள்ளது. அரபு நாடுகளில் மிஸ்வாக் என வழங்குவதும், நம் மலாய் நண்பர்கள் 'காயு சுகி' என்று அழைப்பதும் இத்தகைய குச்சியே. அது கிடைக்கும் மரத்தைத் தமிழர் உகாய் என்று அழைத்தனர்.

நம்மவருக்கும் இது புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, காலையில் எழுந்து செய்ய வேண்டிய கடமைகளுள் பல் துலக்குவதையும் சேர்த்துச் சொல்கிறது. பல்குச்சியை அந்நூல் 'கோல்' என்றே குறிக்கிறது. பல் துலக்கி, கண் கழுவிய பின்னரே தெய்வத்தைத் தொழ வேண்டும் என்பது அந்நூலாசிரியர் பெருவாயின் முள்ளியார் வகுத்த ஒழுங்கு. தூய்மையை ஒழுக்கத்தின் பகுதியாகக் கண்ட மரபு நம்முடையது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்ற பழமொழியை நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனனம் செய்கின்றனர்.

மலாயாவிற்குப் பால்மரம் சீவ வந்த நம் முன்னோர் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். தோட்டப்புற லயங்களில் வேப்பங்குச்சியும், அடுப்புக்கரியும், உப்பும், உமிச்சாம்பலும் பல் துலக்கப் பயன்பட்டன. பின்னர்க் கோபால் பற்பொடி வந்தது. மதுரையிலிருந்து புறப்பட்ட அந்தப் பற்பொடி இலங்கை வானொலி விளம்பரத்தின் வழியாகக் கடல் கடந்தும் புகழ் பெற்றதை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். விரலே அப்போது துலக்கி!

எலும்பும் பன்றி மயிரும்

கைப்பிடியும் மயிரும் கொண்ட துலக்கி சீனாவில் தோன்றியது. ஜப்பானிய ஜென் துறவியான தோகென் 1223இல் சீனாவிற்குச் சென்றபோது, அங்குள்ள துறவிகள் மாட்டெலும்புக் கைப்பிடியில் குதிரைவால் மயிர் பதித்த துலக்கியால் பல் துலக்குவதைக் கண்டு எழுதி வைத்துள்ளார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பன்றி மயிர்த் துலக்கி அங்கே வழக்கத்திற்கு வந்திருந்தது. குளிர்ப் பகுதியில் வளரும் பன்றிகளின் மயிர் தடித்து விறைப்பாக இருக்கும். ஆதலால் அதனையே தேர்ந்தெடுத்தனர்.

இங்கிலாந்தில் துலக்கியைப் பேரளவில் செய்து விற்றவர் வில்லியம் ஆடிஸ். கலகம் ஒன்றில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவர், உணவில் கிடைத்த எலும்புத் துண்டில் துளையிட்டு, சிறைக்காவலரிடம் வாங்கிய மயிரைச் செருகித் தம் முதல் துலக்கியைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1780ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய தொழில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

ஆனால், விலங்கு மயிரில் குறைகள் பல இருந்தன. மயிர் எளிதில் உலராது, ஈரத்தில் கிருமிகள் தங்கும், அடிக்கடி உதிரும். பன்றி மயிர் என்பதால் முசுலிம் மக்களால் அதனைத் தொடவும் இயலவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அது ஏழைக்கு எட்டாத பொருளாகவே இருந்தது.

நைலான் செய்த புரட்சி

இக்குறைகளைத் தீர்த்தது ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஓர் இழை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் வாலஸ் கரோதர்சின் குழு 1935இல் நைலானை உருவாக்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில், நைலான் இழை பதித்த பல்துலக்கி விற்பனைக்கு வந்தது. நைலான் என்றதும் காலுறையும் மீன்வலையும் நம் நினைவிற்கு வரலாம். உண்மையில் நைலானால் ஆகி முதன்முதலில் கடைக்கு வந்த பொருள் பல்துலக்கியே!

தொடக்கக்கால நைலான் இழைகள் மிகவும் விறைப்பானவை, ஈறுகளைப் புண்ணாக்கின. 1950களில்தான் மென்மையான இழைகள் வந்தன. இன்று பிள்ளைகளுக்கு வாங்கும்போது 'மென்மையான இழை, சிறிய தலை' என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்குப் பின்னால் இந்தப் பட்டறிவு இருக்கிறது. விலை மலிந்ததும் துலக்கி உலகெங்கும் பரவியது.

மின்சாரம் ஏறிய துலக்கி

இனி நம் கேள்விக்குரிய கருவிக்கு வருவோம். 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப்-கி ஊக் என்ற மருத்துவர் 'புரோக்சோடென்ட்' என்னும் மின்துலக்கியை உருவாக்கினார். அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். கையசைவு குன்றியவர்களுக்காகவும், பற்களில் கம்பி கட்டியவர்களுக்காகவுமே அது முதலில் கருதப்பட்டது. சோம்பலுக்குத் துணையாக அன்று. இயலாமைக்குத் துணையாகவே அது பிறந்தது.

சுவரில் உள்ள மின்செருகியோடு கம்பியால் இணைத்தே அதனைப் பயன்படுத்த வேண்டும். குளியலறையில் ஈரக்கையோடு மின்கம்பியைப் பிடிப்பதிலுள்ள இடரைச் சொல்லத் தேவையில்லை. 1961இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் கம்பியில்லாத, மின்கலத்தில் மின்னேற்றிப் பயன்படுத்தும் துலக்கியைக் கொண்டு வந்தது. 1987இல் இண்டர்பிளாக் என்ற சுழலும் துலக்கியும், 1990களின் தொடக்கத்தில் முன்னும் பின்னும் அரைவட்டமாய்ச் சுழலும் வட்டத்தலைத் துலக்கியும், மிகு விரைவாய் அதிரும் சோனிகேர் துலக்கியும் வந்தன. இன்றைய துலக்கிகளுள் பல, உலோக முனை எதுவும் வெளியே தெரியாமல் மின்காந்தத் தூண்டல் வழியாகவே மின்னேற்றம் பெறுகின்றன. ஆகவே, பழைய அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று.

பிள்ளைகளுக்கான மலிவு மின்துலக்கியின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கத் தொழில்முனைவர் ஜான் ஓஷரின் குழுவினர் முதலில் செய்தது துலக்கி அன்று. பொத்தானை அழுத்தினால் வாய்க்குள் தானே சுழலும் குச்சி மிட்டாய்! அந்த மிட்டாயைச் சுழற்றிய சிறிய இயந்திரத்தையே பின்னர் மின்கலத் துலக்கிக்குப் பயன்படுத்தி, ஏறத்தாழ ஐந்து அமெரிக்க வெள்ளிக்கு விற்கத் தொடங்கினர். 2001இல் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. பல்லைக் கெடுக்கும் மிட்டாய்க்குள் பிறந்த கருவி பல்லைக் காக்க வந்தது என்று வகுப்பில் கூறினால் பிள்ளைகள் கண்கள் விரியக் கேட்கின்றனர்.

பள்ளிக்குள் வந்த துலக்கி

கருவியின் வரலாறு ஒருபுறம் இருக்க, பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் கற்பித்த வரலாறும் ஒன்று உண்டு. ஆசிரியர்களாகிய நாம் பெரிதும் அறிந்திருக்க வேண்டியது அதுதான்.

அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், 1906இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமன் அம்மையாருக்குப் பற்களைத் தூய்மை செய்யும் பயிற்சியை அளித்தார். 1913இல் அதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். அங்குத் தேறிய பெண்கள் நகரத்துப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளின் பற்களைத் தூய்மை செய்ததோடு, வகுப்பிலேயே பல் துலக்கும் முறையையும் கற்பித்தனர். பற்களைச் சேர்த்து வைத்து வட்ட வட்டமாய்த் துலக்கும் 'ஃபோன்ஸ் முறை' இன்றும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற எளிய முறையாகக் கருதப்படுகிறது.

நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பல்தாதியர் பயிற்சியைத் தொடங்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் பினாங்கில் பல்தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. வெள்ளைச் சீருடையில் நம் பள்ளிகளுக்கு வந்து, கண்ணாடியும் கொக்கியும் கொண்டு பிள்ளைகளின் வாயைச் சோதித்த 'மிசி'கள் அந்த மரபின் வழித்தோன்றல்கள். குழாய்நீரில் ஃபுளோரைடு கலக்கும் திட்டம் 1957இல் ஜொகூரில் தொடங்கியது. சிங்கப்பூரிலும் 1950களின் பிற்பகுதியிலேயே அது நடைமுறைக்கு வந்தது. 1972இல் மலேசிய அரசு அதனை நாட்டுக் கொள்கையாக ஏற்றது.

1970களில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில், ஓய்வு வேளைக்குப் பின் பிள்ளைகள் கையில் குவளையும் துலக்கியுமாய்க் கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தி, ஆசிரியரின் கட்டளைக்கேற்பப் பல் துலக்கியதை அத்தலைமுறையினர் இன்றும் பேசி மகிழ்வர். மலேசியாவில் 1980களின் இறுதியில் தொடக்கப்பள்ளியில் பயின்ற எனக்கும் அந்தக் கால்வாய் ஓரம் நன்றாக நினைவிருக்கிறது. "மேல் பல்! கீழ்ப் பல்! உள்பக்கம்!" என்று ஆசிரியை குரல் கொடுக்க, நாற்பது கைகள் ஒரே நேரத்தில் அசையும். எங்கள் துலக்கிகள் மிக மலிவானவை. ஆனால், எங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். அதுதான் அந்தப் பயிற்சியின் உயிர்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

சரி, எது சிறந்தது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2014இல் இது பற்றி ஒரு விரிவான தொகுப்பாய்வை வெளியிட்டது. அதன் முதன்மை ஆசிரியர் மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த பல் மருத்துவ அறிஞர் என்பது நமக்குப் பெருமை. 56 ஆய்வுகள், 5,068 பங்கேற்பாளர்கள். மின்துலக்கியைப் பயன்படுத்தியோரிடம் பற்களின்மேல் படியும் கிருமிப் படலம் முதல் மூன்று மாதங்களுக்குள் 11 விழுக்காடும், அதற்குமேல் நீடித்த ஆய்வுகளில் 21 விழுக்காடும் குறைந்தது. ஈறு அழற்சி முறையே 6 விழுக்காடும் 11 விழுக்காடும் குறைந்தது.

ஆகவே, மின்துலக்கி உண்மையிலேயே ஓரளவு மேலானது. இதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இவ்வெண்களை நாம் சரியாகப் படிக்க வேண்டும். குறைந்தது கிருமிப் படலமும் ஈறு அழற்சியுமே. சொத்தைப் பற்கள் 21 விழுக்காடு குறைந்தன என்று அந்த ஆய்வு கூறவில்லை. இந்தக் குறைவினால் நடைமுறையில் விளையும் மருத்துவ நன்மை எவ்வளவு என்பது தெளிவாகவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியுள்ளனர்.

நம் பிள்ளைகளின் பெருஞ்சிக்கலோ சொத்தைதான். நம் நாட்டில் 2005இல் நடந்த பாலர்பள்ளிப் பிள்ளைகளின் வாய்நல ஆய்வில், ஐந்து வயதினருள் 76.2 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 2015இல் அது 71.3 விழுக்காடு. பத்தாண்டுகளில் குறைந்தது ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் குறைவே. பத்துப் பிள்ளைகளுள் ஏழு பேர் கெட்ட பல்லோடு முதலாம் ஆண்டு வகுப்பிற்குள் நுழைகின்றனர் என்று கொள்ளலாம். சொத்தையைத் தடுப்பவை மூன்று: ஃபுளோரைடு கலந்த பற்பசை, இனிப்பைக் குறைத்தல், இரவில் தவறாமல் துலக்குதல். இம்மூன்றையும் எந்த இயந்திரமும் நமக்காகச் செய்துவிடாது.

ஒரு கூட்டத்தில் எழுந்த விவாதம்

சில காலத்திற்கு முன் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இது பேசுபொருளாயிற்று. வசதி படைத்த தந்தை ஒருவர், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் சங்கப் பணத்தில் மின்துலக்கி வாங்கித் தரலாம் என்றார். நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட யோசனை; கைதட்டலும் எழுந்தது. நான் எழுந்து கணக்கைக் கேட்டேன். முதல் துலக்கியைச் சங்கம் வாங்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தலையை யார் வாங்குவது? மின்கலம் தீர்ந்தால்? அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் அது சில மாதங்களில் விளையாட்டுப் பொருளாகிவிடும். ஒரு மின்துலக்கியின் விலையில் ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதற்கும் தேவையான சாதாரணத் துலக்கிகளையும் பற்பசையையும் வாங்கிவிடலாம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் மெல்லப் பேசினார். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே கைத்தசைகள் ஒத்துழைப்பதில்லை. எழுதுகோலைப் பிடிப்பதே போராட்டம். "சார், எல்லாருக்கும் வேண்டாம். ஆனால், என் பையனால் அந்தத் தடித்த கைப்பிடியை மட்டும்தான் பிடிக்க முடிகிறது. அது வந்த பிறகுதான் அவன் தானாகவே பல் துலக்குகிறான்," என்றார். அரங்கு அமைதியானது. 1954இல் சுவிட்சர்லாந்தில் அந்தக் கருவி யாருக்காகப் பிறந்ததோ, அந்தப் பிள்ளை அவர்களுள் ஒருவன் அல்லனா?

முடிவில், அனைவருக்கும் சாதாரணத் துலக்கியும் பற்பசையும், மருத்துவர் பரிந்துரைக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மின்துலக்கியும் என்று தீர்மானமாயிற்று. யோசனை சொன்ன தந்தையே அச்செலவை ஏற்றுக்கொண்டார்.

பல்லும் தமிழும்

"பாற்பல்தானே ஐயா, எப்படியும் விழப்போவதுதானே?" என்று சிலர் கேட்பர். தமிழாசிரியன் என்ற முறையில் இதற்கு நான் விடை கூற வேண்டும்.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடங்களை வரையறுக்கிறார். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தப் பிறப்பவை. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. அப்படியானால், ஐந்து வயதிற்குள் முன்பற்கள் கருகித் தேய்ந்து வேரளவில் நிற்கும் பிள்ளை எழுத்துகளை எங்கே தொட்டு ஒலிக்கும்? 'நன்றி' என்று சொல்லச் சொன்னால் கையால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் வராமல் இல்லை. வாயைத் திறக்கவே கூச்சம். வாசிப்புப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டார்கள்; வகுப்பில் கையுயர்த்த மாட்டார்கள். பல்வலியால் வீங்கிய கன்னத்தோடு தேர்வெழுதும் பிள்ளையின் மதிப்பெண் எதைக் காட்டும்? பாற்பல், பின்னர் வரும் நிலைப்பல்லுக்கு இடம் காத்து நிற்கும் பல். உரிய காலத்திற்கு முன்பே அதனை இழந்தால் பின்வரும் பற்கள் வரிசை தவறிப் போகலாம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. முதல் பல் முளைத்ததும் துலக்கத் தொடங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயதினருக்குப் பட்டாணியளவும் ஃபுளோரைடு பற்பசை போதும்.

2. காலையில் ஒருமுறை, இரவில் உறங்கப் போகுமுன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். இரவில் துலக்கியபின் நீரைத் தவிர வேறெதுவும் வேண்டா. பால்புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடாதீர்கள்.

3. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறைய நீரூற்றிக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

4. ஏழு வயது வரையேனும் பெரியவர் ஒருவர் உடன் நின்று துலக்கிவிடுங்கள். காலணிக் கயிற்றைத் தானே முடிச்சிடத் தெரியாத கை, கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தைத் தூய்மை செய்யாது.

5. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அல்லது இழைகள் விரிந்ததும், துலக்கியை மாற்றுங்கள்.

6. மின்துலக்கி வாங்க வசதியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். இரண்டு நிமிடம் கணக்கிடும் வசதி பிள்ளைகளுக்கு உதவும். பல்லில் கம்பி கட்டிய பிள்ளைக்கும், கையசைவு குன்றிய பிள்ளைக்கும் அது பெருந்துணை. ஆனால், அழுத்தித் தேய்க்காமல், ஒவ்வொரு பல்லின்மேலும் மெல்ல வைத்து நகர்த்தக் கற்றுக்கொடுங்கள்.

7. வாங்க இயலவில்லையெனில் மனம் வருந்த வேண்டா. சில ரிங்கிட் விலையுள்ள மென்மையான கைத்துலக்கி, முறையாகப் பயன்படுத்தினால், உங்கள் பிள்ளையின் பல்லைக் காக்கும்.

ஆசிரிய நண்பர்களே, பல்நலக் குழுவினர் பள்ளிக்கு வரும் நாளை ஒரு பாடவேளை இழப்பாகக் கருத வேண்டா. அவர்கள் தரும் ஒப்புதல் படிவம் கையொப்பமின்றிப் பைக்குள்ளேயே கசங்கிக் கிடப்பதைக் கண்டால், பெற்றோரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.

மரக்கோல் எலும்பாயிற்று, எலும்பு நைலானாயிற்று, நைலானில் மின்சாரம் ஏறிற்று. நாளை வேறொன்று வரும். எது வந்தாலும், இன்றிரவு உங்கள் பிள்ளை பல் துலக்கும்போது நீங்கள் அருகில் நில்லுங்கள். அந்த இரண்டு நிமிடம் உங்கள் பிள்ளைக்கு உரியது.